ஓய்வுபெற்ற எஞ்சின்கள்

தென்காசிக்கு மேற்கே, குற்றால மலையின் சாரலில் ஐந்தருவி வீழ்கின்றது. ஆனி, ஆடித் திங்கள்களில் அங்கு நீராட வருவோர் பலரைத் தென்காசி நிலையத்தில் கொணர்ந்து சேர்ப்பது இருப்புப்பாதை. அப்பாதை செங்கோட்டையைக் கடந்து, மலையைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளைப் பாலங்களால் தாண்டியும் கொல்லம் வரை செல்கின்றது. 1904-ஆம் ஆண்டில் அம்மலைவழியே பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது.

நெடுங்காலம் நீராவி எஞ்சின்களே அம்மலை ஏறின. பின்னர், 'ஒய்.டி.எம்.4' என்னும் டீசல் எஞ்சின்கள் வந்தன. அவ்வகை எஞ்சின் ஏறத்தாழ 72 டன் எடையுடையது. அதில் எரியும் டீசல் சக்கரத்தை நேரே சுழற்றுவதில்லை; மின்னாக்கியை இயக்குகின்றது. அங்குப் பிறக்கும் மின்சாரமே அச்சுகளிலுள்ள மோட்டார்களைச் சுழற்றுகின்றது. அனல்முன் நின்று நிலக்கரி அள்ளிப்போடும் கடும்பணி இதனால் ஒழிந்தது. முன்னொன்றும் பின்னொன்றுமாக நின்று, அவ்வெஞ்சின்கள் வண்டியை மலைமீது ஏற்றின.

அவற்றின் காலமும் முடிந்தது. ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையை 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையாக மாற்றுவதற்காக, 2010-இல் செங்கோட்டை-புனலூர்ப் பாதை மூடப்பட்டு, 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது. குறும்பாதை எஞ்சினுக்கு அங்கே இடமில்லை. நாடெங்கும் மின்கம்பிகள் நீண்டபோது, அகலப்பாதையின் டீசல் எஞ்சின்களும் ஒவ்வொன்றாகப் பணியிலிருந்து விலக்கப்பட்டன. விலக்கப்பட்டவை பணிமனைகளின் ஓரத் தண்டவாளங்களில் வரிசையாக நின்று, உடைக்கப்படும் நாளை எதிர்நோக்குகின்றன. வண்ணம் உதிர்கின்றது, இரும்பில் துரு ஏறுகின்றது, சக்கரங்களுக்கிடையே புல் முளைக்கின்றது.

இவற்றை என் செய்வது? "பழைய இரும்புதானே! அனைத்தையும் உருக்கிவிடுக" என்பர் ஒரு சாரார். "உழைத்த எஞ்சினை உடைப்பது நன்றி மறத்தலாகும்" என்பர் மற்றொரு சாரார். இரண்டும் ஒருபுறச் சார்புடைய கருத்துகளே. எல்லாவற்றையும் காத்தல் இயலாது. எல்லாவற்றையும் அழித்தல் தகாது. ஆனால், இவ்விரண்டினும் தீயது ஒன்று உண்டு. அஃது யாதொரு முடிவும் செய்யாது அவற்றை மழையிலும் வெயிலிலும் நிறுத்தி வைப்பதேயாகும். காலம் செல்லச்செல்ல அவற்றின் மதிப்புக் குறைகின்றது. கசியும் எண்ணெய் மண்ணைக் கெடுக்கின்றது. அப்பொருள் மக்கள் வரிப்பணத்தில் வந்த பொதுச்செல்வம் அன்றோ?

ஓடும் வலிமை எஞ்சியவற்றை வேண்டுவோர்க்கு வழங்கலாம். 2020-ஆம் ஆண்டில் இந்தியா 10 டீசல் எஞ்சின்களை வங்காளதேசத்திற்கு அளித்தது. வேறு வழியும் உண்டு. வாரணாசியில் இரண்டு டீசல் எஞ்சின்களை மாற்றியமைத்து, 10,000 குதிரைத்திறன் கொண்ட இரட்டை மின்சார எஞ்சினாக ஆக்கினர். எத்தகைய பயனுக்கும் ஆகாதவற்றைக் காலந்தாழ்த்தாது உடைத்தல் வேண்டும். மோட்டாரிலுள்ள செம்பும், உடலிலுள்ள எஃகும் மீண்டும் உலைக்குச் சென்று புதுப்பொருளாகும். தாதுவை வெட்டியெடுத்து எஃகு செய்வதினும், பழைய எஃகை உருக்குவதற்கு ஆற்றல் குறைவாகவே செலவாகும். எனவே, முறையாக உடைத்தலும் ஒருவகைக் காத்தலே.

ஆயினும், ஒவ்வோர் இனத்திலும் ஒன்றையேனும் முழுமையாகப் போற்றுதல் கடமை. 1855-இல் செய்யப்பட்ட 'ஃபேரி குயின்' என்னும் நீராவி எஞ்சின் 1909-இல் ஓய்வுபெற்றது. அதனை எவரும் உடைத்துவிடாமையால், 1997-இல் அது மீண்டும் தண்டவாளத்தில் ஓடியது. உருக்கிய பொருளை மீட்க எவராலும் இயலாது.

அங்ஙனம் போற்றும் எஞ்சினைத் தலைநகரத்தில் மட்டும் வைத்தல் போதாது. அது உழைத்த மண்ணிலும் வைத்தல் வேண்டும். மலையடிவாரத்து நிலையமொன்றில் கூரையின்கீழ் அது நிற்குமாயின், ஐந்தருவிக்கு வரும் சிறுவர் அதன் உள்ளுறுப்புகளைக் கண்டு, அறிவியலைக் கண்முன்னே கற்பர். அதனை ஓட்டியும் பழுதுபார்த்தும் வாழ்ந்த தொழிலாளரின் உழைப்பையும் உணர்வர்.

பயன்தரும் வரை ஒரு பொருளைப் பயன்படுத்துவது எளிது. பயன் தீர்ந்தபின் அதனிடத்து எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதைக் கொண்டே ஒரு சமுதாயத்தின் பொறுப்புணர்ச்சி அளக்கப்படும்.