அடுத்த வீட்டுப் புகை

பண்டிகை என்றாலே மகிழ்ச்சி என்பர். வீட்டுக்கு வெள்ளையடிப்பவரையும் கரும்புக் கட்டோடு பேருந்தில் ஏற முயல்பவரையும் கேட்டால் வேறு விடை கிடைக்கும். பொங்கலுக்கு ஊர் செல்ல எண்ணுபவர் இரண்டு மாதம் முன்னரே தொடர்வண்டிச் சீட்டுக்குக் காத்திருக்கிறார். முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. வந்து சேரும் உறவினரோ பொங்கல் குழைந்துவிட்டது, வெல்லம் குறைந்துவிட்டது என்று குற்றம் காண்கிறார். இவை குடும்பம் தனக்குத்தானே வருவித்துக்கொள்ளும் தொல்லைகள். அடுத்த ஆண்டு இவையே சிரித்துப் பேசும் கதைகளாகின்றன. பாத்திரம் துலக்குவதும் நள்ளிரவு வரை அடுக்களையில் நிற்பதும் ஒருவர் தலையிலேயே விழும் வீட்டில், அவரும் சேர்ந்து சிரிக்கிறாரா என்பதைப் பிறர் கவனிப்பதில்லை.

பழைய மதிலின் கொத்தளத்தைப் பெயரில் தாங்கி நிற்கும் வடசென்னை மூலக்கொத்தளம் போன்ற பகுதிகளில் இடநெருக்கடியும் இத்தொல்லைகளோடு சேர்ந்துகொள்கிறது. முற்றமில்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில் புதுப்பானை எரிவாயு அடுப்பின்மேல் ஏறுகிறது. நான்கு வீட்டார்க்கும் பொதுவான நடைவழியில் யார் கோலமிடுவது என்பதே ஒரு வழக்காகிறது. பொங்கலைப் பகிர்ந்துகொண்டதும் அவ்வழக்கு தீர்ந்துவிடும். தீராதது போகிப் புகை.

ஓலைக்கூரை வீடுகள் நிறைந்திருந்த காலத்தில் போகித் தீயில் விழுந்தவை கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உளுத்த முறம் போன்றவை. யாவும் மரம் செடிகளிலிருந்து வந்தவை; அவற்றின் சாம்பல் எருவாயிற்று. இன்று டயரும் நெகிழிக் குடமும் நுரைமெத்தையும் விளம்பரப் பதாகையும் எரிகின்றன. வழக்கம் மாறவில்லை, எரிபொருள் மாறிவிட்டது. மார்கழிக் கடைசி நாளின் விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதுண்டு. அந்த மேலடுக்கு மூடிபோல் அமர்ந்து புகையை எழவிடாது தடுக்கிறது. 2018 ஜனவரி 13ஆம் நாள் போகிப் புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தைச் சூழ்ந்தன. பல விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானத்துக்கு இறங்க வேறு ஊர் உண்டு. சந்து வீட்டில் இளைப்பு நோயோடு படுத்திருக்கும் முதியவர்க்குச் சன்னலை அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எண்ணூர் வட்டாரத்தில் அனல்மின் நிலையங்களும் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் ஆண்டு முழுவதும் இயங்கும்போது, ஒரு நாள் தீயைக் குறைகூறுவது நியாயமா என்று கேட்பவர் உண்டு. நேர்மையான கேள்விதான். ஆலைப் புகையைக் கண்டும் காணாதிருந்துவிட்டுக் குடிசைவாசியின் குப்பைத் தீயை மட்டும் கண்டிக்கும் அறிவுரை செல்லாது. ஆயினும் இதற்கான விடை இப்பகுதியின் வரலாற்றிலேயே உள்ளது. துறைமுகத்து நிலக்கரித் தூசு தம் வீடுகளில் படிகிறது என்று இராயபுரம் பகுதி மக்கள் முறையிட்டனர். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியைக் கையாள்வதை நிறுத்துமாறு 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குச் சென்றது; அதன் தூசை ஏற்கும் அண்டை வீடு மாறியது என்பது வேறு கதை. ‘உன் தூசு என் வீட்டுக்குள் வரக்கூடாது’ என்று ஒரு பெருந்துறைமுகத்திடம் சொல்ல முடிந்த மக்கள், அதே சொல்லை அடுத்த வீட்டார் தம்மிடம் சொல்லக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பழைய துணி, டயர், நெகிழி ஆகியவற்றை எரிக்காமல் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்குமாறு அண்மை ஆண்டுகளில் மாநகராட்சி கேட்டுக்கொள்கிறது. அவ்வாறு கொடுத்துவிட்டால் தீயில் இட மிஞ்சுவது ஒரு கிழிந்த கோரைப்பாய். சிறுவர்க்கு அதுவே போதும். அவர்கள் விடியுமுன் எழுந்து தெருவுக்கு ஓடிவருவது டயர் எரிவதைக் காண அன்று. கையிலுள்ள போகி மேளத்தைக் கொட்டவே.