ஆறு குரல்களில் ஒன்று நின்றுபோனால்



“பழைய சிந்தசைசர் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா?” என்று கேட்டு நம் இதழுக்குக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. சில கடிதங்களோடு புகைப்படமும் இருக்கிறது. மெல்லிசைக் குழு கலைந்த பிறகு பரணில் ஏறிய பெட்டி, பழுப்பேறிய கட்டைகள், தொப்பி கழன்ற ஸ்லைடர்கள். வாங்குங்கள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் வாங்கிய மறுநாளிலிருந்து தொடங்கும் வேலை என்ன, அதில் யார் துணைக்கு வருவார்கள் என்பதையும் சொன்னால்தான் அந்தப் பதில் நியாயமான பதிலாகும். அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எனக்கு நெருங்கிப் பழக்கமான ஒரு கருவிக்குக் கொடுத்துவிடுகிறேன். ரோலண்ட் ஜூனோ-106.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1984-இல் வெளியிட்டது. 61 கட்டைகள், ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள், அதாவது ஆறு குரல்கள், 128 ஒலிகளைச் சேமித்து வைக்க இடம். இதற்கு முன் 1982-இல் ஜூனோ-6, ஜூனோ-60 இரண்டும் வந்திருந்தன. மூன்றுமே பெரிய சிந்தசைசர் வாங்கக் கைக்காசு போதாதவர்களுக்காகச் செய்யப்பட்டவை. சிக்கனம் உள்ளே நன்றாகத் தெரியும். விலை கூடிய கருவிகள் ஒவ்வொரு குரலுக்கும் இரண்டு ஆசிலேட்டர் வைத்தன, ஜூனோவில் ஒன்றுதான். ஒல்லியாக ஒலிக்க வேண்டிய கருவி. அதற்கு உடம்பு கொடுப்பது கோரஸ். உள்ளே பிறக்கும் ஒலியைச் சற்றே தாமதித்து, அந்தத் தாமதத்தையும் மெல்ல ஏற்றி இறக்கி, இடமும் வலமுமாகப் பிரித்து அனுப்புகிறது. கோரஸுக்கு இரண்டு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். இரண்டாவதை அழுத்தினால் ஒலி அகலமாக விரியும், கூடவே ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சலும் வரும். ஜூனோ வைத்திருப்பவர்கள் அந்த இரைச்சலையும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நானும்தான்.

முகப்பில் மெனு என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்லைடர். தள்ளினால் அந்தக் கணமே காதுக்குத் தெரியும். சிந்தசைசர் எப்படி ஒலியை உருவாக்குகிறது என்று கற்க விரும்பும் மாணவருக்கு இன்றும் நான் முதலில் உட்காரச் சொல்வது இதன் முன்தான். சுருதியிலும் பிடிவாதக்காரக் கருவி இது. அதற்கு முந்தைய பல கருவிகள் மேடை விளக்கின் சூட்டில் சுருதி விலகும். ஜூனோவில் டிஜிட்டல் கடிகாரத் துடிப்பை எண்ணி வகுத்து ஒரு சில்லு சுருதியை நிறுத்தி வைக்கிறது. அதற்கு மேல் ஃபில்டர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் அனலாக்.

அந்த அனலாக் பகுதியில்தான் இதன் நோயும் இருக்கிறது. ஆறு குரல்களுக்கும் 80017ஏ என்று எண்ணிட்ட ஆறு மாட்யூல்கள். ஃபில்டரும் ஆம்ப்ளிஃபையரும் அதற்குள். ஜூனோ-60-இல் இதே வேலையைச் செய்யும் ஐஆர்3109, பிஏ662 என்ற ஐசிகள் போர்டின் மேல் வெளிப்படையாக இருந்தன. 106-இல் அவற்றைச் சிறு தகட்டில் நெருக்கிவைத்து, மேலே பிசின் பூசி மூடிவிட்டார்கள். காக்க வேண்டிய அந்தப் பூச்சே வருடங்கள் போகப்போகக் கால்களுக்கிடையே மின்சாரத்தை லேசாகக் கசியவிடுகிறது. ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்கள்: ஐந்து தடவை நன்றாக வரும், ஆறாவது தடவை கரகரக்கும், அல்லது ஒன்றுமே வராது, அல்லது விரலை எடுத்த பிறகும் முனகிக்கொண்டே இருக்கும். எந்தக் குரல் என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ‘கீ டிரான்ஸ்போஸ்’ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஸ்விட்சைப் போட்டால் கருவி சோதனை நிலைக்குப் போகும். கட்டையை அழுத்தும்போதெல்லாம் இப்போது ஒலிப்பது எத்தனையாவது குரல் என்று எண் காட்டும்.

என் கருவியில் நான்காவது குரல் இப்படிப் போயிற்று. அப்போது அதைத் திருப்பிக் கொடுத்த வைத்தியம் ஜூனோ வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வரும் வைத்தியம். மாட்யூலைக் கழற்றி அசிட்டோனில் ஊறப் போட வேண்டும். பூச்சு இளகி உரிந்து வரும். சுத்தமாகத் துடைத்து உலரவிட்டுப் பழைய இடத்திலேயே பற்றவைத்தால் பெரும்பாலும் குரல் திரும்பிவிடுகிறது. இதை முதலில் செய்து பார்த்தவர்கள் தங்கள் சொந்தக் கருவியைப் பணயம் வைத்தார்கள். எவ்வளவு நேரம் ஊறியது, உரிக்கும்போது எந்தக் கால் ஒடிந்தது, எந்த மாட்யூல் பிழைக்கவே இல்லை என்பது வரை எழுதி, படம் எடுத்து, முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்தார்கள். இதில் என் மனத்தைத் தொட்டது தோற்றதையும் எழுதிவைத்த அந்த நேர்மைதான். ஜெயித்ததை மட்டும் எழுதியிருந்தால் அடுத்தவரும் அதே காலை ஒடித்திருப்பார்.

இந்தக் கூட்டத்தாரிடம் போய் “ஒரு குரல் வேலை செய்யவில்லை” என்றால் உடனே புது மாட்யூல் வாங்கச் சொல்ல மாட்டார்கள். எந்த எண், சூடேறிய பிறகா, எல்லா ஒலியிலுமா, கோரஸை அணைத்துப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள். நோயாளியின் நாடியைப் பிடிக்காமல் மருந்து சொல்லாத பழைய வைத்தியர்களின் பொறுமை அது. குரல் ஒலிக்காததற்கு 80017ஏ மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. இரண்டு குரல்களுக்கு ஒன்று வீதம் எம்சி5534ஏ என்று மூன்று மாட்யூல்கள் அலைவடிவத்தைக் கொடுக்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் குரல்கள் இரண்டும் சேர்ந்து நின்றுபோனால் சந்தேகம் அங்கே போக வேண்டும். தெரியாதவர் அவசரப்பட்டு நல்ல மாட்யூலைக் கழற்றிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் அத்தனை கேள்விகளும்.

ரோலண்டைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷி இந்த மனிதர்களைக் கண்டால் மகிழ்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். 1930-இல் ஒசாகாவில் பிறந்த அவர் இளம் வயதில் கைக்கடிகாரம் பழுதுபார்த்தவர். பிறகு வானொலிப் பெட்டிகளுக்கு வந்து, இசைக்கருவிக்கு வந்து, 1972-இல் ரோலண்டைத் தொடங்கினார். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தோடு சேர்ந்து உழைத்தவரும் அவர்தான். 1983 ஜனவரியில் ரோலண்டின் ஜூபிட்டர்-6-ஐயும் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600-ஐயும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். அதுதான் மிடி. அந்த உழைப்புக்காக இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. 106-இன் பின்புறத்தில் அந்த மிடி இருப்பதால்தான் நாற்பது வயதைத் தாண்டிய கருவி இன்று வாங்கிய கணினியோடும் ஒரு சிறு மிடி இடைமுகம் வழியாகப் பேசுகிறது.

பழைய கருவிகள் மேல் ஏன் இத்தனை பற்று என்று கேட்பவர்களுக்கு மும்பையின் சரண்ஜித் சிங்கைச் சொல்வேன். ரோலண்டின் ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 என்ற மூன்றையும் வைத்து அவர் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த இசைத்தட்டு 1982-இல் வந்தது. அன்று கண்டுகொள்ளப்படவில்லை, 2010-இல் மறுவெளியீடு வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதில் வரும் டிபி-303-இன் கதையும் அதே. தயாரிப்பு 1984-இல் நின்று, பழைய சாமானாக மலிவாகக் கைமாறி, சிகாகோ இளைஞர்களிடம் போய்ச் சேர்ந்து, ஒரு புது நடன இசையையே பிறப்பித்தது. அவர்கள் கைக்கு வரும்வரை அந்தப் பெட்டிகளை யாரோ தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள்.

பரணிலிருந்து கருவி இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பின்புறத்தில் அச்சடித்திருக்கும் வோல்ட் எண்ணைப் படியுங்கள். ஜப்பானில் விற்கப்பட்ட கருவி 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230-இல் அதை நேராகச் சொருகினால் நாற்பது வருடம் பிழைத்தது ஒரு நொடியில் கருகும். எண் சரியாக இருந்தாலும், நெடுநாள் மின்சாரமே பார்க்காத பெட்டியை உடனே பிளக்கில் சொருக வேண்டாம். நல்ல டெக்னீஷியன் ஒருவரிடம் கொடுத்து, சீரீஸ் லாம்ப் வழியாக முதல் மின்சாரத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய இழை பல்புதான் வேண்டும், எல்இடி ஆகாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து கருவியைக் காப்பாற்றும். பவர் சப்ளையின் கண்டன்சர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்; அந்தப் பகுதியில் பழக்கமில்லாத கை போகக் கூடாது.

அடுத்தது பேட்டரி. 106-இன் ஒலிகளை நினைவில் வைத்திருப்பது உள்ளே பற்றவைத்த ஒரு லித்தியம் காசு பேட்டரி. அது தீர்ந்தால் 128 ஒலிகளும் போய்விடும். மாற்றுவதற்கு முன் கேசட்டில் சேமிப்பதற்காக அன்று கொடுத்த வழியிலேயே ஒலிகளைப் பதிவுசெய்து கொள்ளுங்கள். கேசட்டுக்குப் பதில் கணினியில் பதிந்தாலும் போதும். கீச்சொலியாகத்தான் கேட்கும், அதற்குள் எல்லாம் இருக்கிறது. புது பேட்டரியை நேராகப் பற்றவைக்காமல் ஹோல்டர் ஒன்றைப் பொருத்திவிட்டால் அடுத்தவருக்குச் சால்டரிங் வேலை மிச்சம். கோர்க் பாலிசிக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் அவசரமாகத் திறந்து பார்க்க வேண்டும். 1981-இல் வந்த அந்தக் கருவியில் இருப்பது நிக்கல்-காட்மியம் பேட்டரி. அது கசிந்து போர்டின் செம்புத் தடங்களையே அரித்துவிடும். அரித்துப்போன போர்டுக்குப் பதிலாகப் புது போர்டை வரைந்து தயாரித்துக் கொடுத்தவர்களும் ஆர்வலர்களே.

கட்டைகள் சில ஒலிக்கவில்லையென்றால் பயப்பட வேண்டாம். அடியில் இருக்கும் ரப்பர் காண்டாக்டில் தூசி படிந்திருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் மெதுவாகத் துடைத்தால் போதும். ஸ்லைடர்கள் கரகரத்தால் அதற்கென்று விற்கும் காண்டாக்ட் கிளீனர் வாங்குங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் மேலே பருத்தித் துணி போர்த்துங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். எல்லாவற்றையும்விட, அடிக்கடி வாசியுங்கள். விலை ஏறட்டும் என்று பெட்டியில் பூட்டிவைத்த கருவியின் ஸ்லைடரும் ஸ்விட்சும் அசையாமலேயே கெட்டுப்போகின்றன. முதலீடாக மட்டும் சிந்தசைசர் வாங்குபவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

ஆர்வலர்கள் எல்லாரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை. பழுப்பேறிய கட்டைகளைப் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்யலாமா என்பது ஓயாத வாதம். நான் வேண்டாம் கட்சி. நிறம் பாட்டைக் கெடுப்பதில்லை. வந்ததும் வராததுமாக எல்லாக் கண்டன்சர்களையும் மாற்றிவிடுவதும் எனக்கு ஒப்பவில்லை. நல்லதைக் கழற்றும்போது போர்டின் தடமும் சேர்ந்து கிளம்பும். கெட்டதை அளந்து கண்டு, அதை மட்டும் மாற்றுவதே அழகு. 80017ஏ பிழைக்காதபோது சிறு தயாரிப்பாளர்களின் மாற்று மாட்யூலைத் தயங்காமல் போடலாம். ஐஆர்3109-க்கு ஈடான ஐசியை லாட்வியாவின் ரீகா நகரில் இன்று புதிதாகவே செய்கிறார்கள். கழற்றிய பழையதை மட்டும் எறியாதீர்கள்; என்றைக்காவது இன்னொருவர் அதிலிருந்து எதையாவது மீட்பார்.

என் ஜூனோவின் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையில் மடித்த தாள் ஒன்று ஒட்டியிருக்கும். எனக்கு முன் வைத்திருந்தவர் தொடங்கியது. பேட்டரி மாற்றிய தேதி, பவர் சப்ளையில் எந்தக் கண்டன்சர், என்ன அளவு என்று அவர் கையெழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே நான்காவது குரலைப் பற்றி நான் எழுதியது. எனக்கு அடுத்து வாங்குபவர், நானோ அவரோ பக்கத்தில் இல்லாமலேயே, எங்கே கை வைக்கலாம் என்று தெரிந்துகொள்வார். உங்கள் கருவியிலும் ஒரு தாள் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். புதிதாக வாங்கப் போகிறவர்கள், விற்பவரிடம் விலை பேசுவதற்கு முன் “இதுவரை என்னென்ன செய்திருக்கிறீர்கள்?” என்று கேட்டு, அவர் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அதுவே தாளின் முதல் வரிகள்.

அந்தத் தாள்களின் நகல்களை எங்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை அவற்றுக்கென்றே வைத்திருக்கிறோம். ஜூனோவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. டிஎக்ஸ்7 ஆனாலும் சரி, பெயர் அழிந்துபோன ஆர்கன் ஆனாலும் சரி. முயன்று தோற்றதையும் மறைக்காமல் எழுதுங்கள். சர்க்யூட் வரையத் தெரியாதவர்கள் போர்டைப் படம் எடுத்து, கை வைத்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு அனுப்பினால் போதும். மற்றதை இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்