பூம்சே வந்துவிட்டதா?

அசைவுகளை வரிசை பிசகாமல் செய்து முடித்தால் டேக்வாண்டோவின் அசைவுத் தொடரான பூம்சே வந்துவிட்டது என்று பெற்றோர் நினைப்பதில் தப்பில்லை. ஆசிரியரும் அப்படியே நினைத்துப் பட்டியைக் கட்டிவிடுவதுதான் வில்லங்கம்.

முதல் பூம்சேயான தேகுக் இல் ஜாங்கையே எடுப்போம். 18 அசைவுகள், கெட்டிக்காரப் பிள்ளை ஓரிரு வகுப்பில் மனனம் செய்துவிடும். பிழை வரிசையில் வருவதில்லை, திருப்பத்தில் வருகிறது. பக்கவாட்டில் குறுகிய ஆப் சொகியில் நடந்த பிள்ளை, நடுக்கோட்டுக்குத் திரும்பியதும் நீண்ட ஆப் குபிக்கு மாற வேண்டும். பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலையில் நின்று சமாளிக்கும், பின்குதி கிளம்பிவிடும். அடுத்த இடர் உள்நோக்கிய தடுப்பு. முதல் நான்கு அசைவிலும் முன்காலும் கையும் ஒரே பக்கம். இங்கே வலது கால் முன்னே, தடுப்பது இடது கை. இடுப்பைத் திருப்பப் பழக்காவிட்டால் கை மட்டும் தனியாகப் போகும். இன்னொன்று: எதிரே நின்று செய்து காட்டாதீர்கள், பிள்ளை இடம் வலம் மாற்றிப் பிடித்துக்கொள்ளும். முதுகைக் காட்டி நின்று பழக்குங்கள்.

இப்படிப் பழக்கும் பொறுமையைக் கற்கக் கொரியா வரை போகத் தேவையில்லை. மட்டக்களப்புச் சித்தாண்டியில் கூத்துப் பழகியவர்களைக் கேட்டால் போதும். பாத்திரத்தின் பாட்டேடான சட்டம் கொடுத்த பிறகு மாதக்கணக்கில் இரவு இரவாகப் பழக்கம். மத்தளத்துக்குக் கால் விழ வேண்டும், தாளக்கட்டு உடம்பில் ஊற வேண்டும். அதன் பிறகே சதங்கை அணிதல், அதற்கும் பிறகே அரங்கேற்றம். பாட்டு மனனம் என்பதற்காக கூத்து ஆசிரியரான எந்த அண்ணாவியாரும் சதங்கை கட்ட விடமாட்டார். நமது பட்டி அந்தச் சதங்கையைவிட மலிந்துபோனதற்குப் பரீட்சைக் கட்டணமும் ஒரு காரணம் என்பதை நமக்குள்ளாவது ஒத்துக்கொள்வோம்.

மனனம் மட்டும் போதாது என்பதையே போட்டி விதியும் சொல்கிறது. பூம்சேக்கு 2006இல் சியோலில் முதல் உலகப் போட்டி நடந்தது; 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவிலும் அது இடம்பெற்றது. அங்கீகரிக்கப்பட்ட பூம்சேயில் பத்துப் புள்ளியில் துல்லியத்துக்கு நான்கு, வெளிப்பாட்டுக்கு ஆறு. வேகமும் பலமும், தாளமும் ஓட்டமும், சக்தியின் வெளிப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு. சிறு பிழைக்கு 0.1, பெரும் பிழைக்கு 0.3 கழியும். மனனம் செய்ததற்கென்று தனிப் புள்ளி கிடையாது.

சண்டைப் பயிற்சியில்தான் பதக்கம், பூம்சே பரீட்சைக்கு மட்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் திருப்பத்தில் நிலை குலைகிற பிள்ளை சண்டையிலும் உதைத்ததுமே நிலை குலைகிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பட்டிப் பரீட்சையில் எண்ணிக்கை சொல்லாமல், ஏழாவது அசைவிலிருந்து மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள். பிள்ளை தடுமாறினால் பட்டியை அடுத்த தவணைக்கு வையுங்கள். பெற்றோரைக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள்.