வேலைத்தல ஆங்கிலம்: சாடைக் கதை

மருமகளுக்கு உறைக்க வேண்டுமென்று மாமியார் முற்றத்துக் கோழியை ஏசுவதை ஊரில் நாங்கள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். ஏனென்று கேட்டால், "நான் கோழியையல்லோ ஏசினனான்" என்று பதில் வரும். இந்தச் சாடைக் கதை இங்கே பிரித்தானியாவிலும் தாராளமாக உண்டு. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் இனுவெண்டோ. தலையசைத்துச் சைகை காட்டுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வாய் சொல்வது ஒன்று, சைகை காட்டுவது இன்னொன்று.

இதில் வரும் சொற்கள் கடினமானவை அல்ல. பிந்தி வந்தவரைப் பார்த்து சூப்பர்வைசர் "நைஸ் ஒவ் யூ டு ஜொயின் அஸ்" என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நீங்கள் வந்து சேர்ந்தது நல்லது' என்று வரும். உட்கருத்தோ 'இப்பதான் வாறீரோ?' என்பது. இதற்கு "தாங்க் யூ" சொல்லக்கூடாது. "சொறி, ஐ ஆம் லேற்" என்பதே பொருத்தம். லீவு கிடைத்தவரைப் பார்த்து "ஓல்றைற் ஃபோர் சம்" என்பார்கள். 'சிலபேருக்கு நல்ல காலம்தான்' என்ற பகிடி அது. சிரித்துவிட்டுப் போகலாம்.

இரண்டாவது வகை இரட்டைக் கருத்து. 1958இல் தொடங்கிய 'கரி ஒன்' படங்கள் முழுக்க இந்த வகைப் பகிடிதான். கன்ரீனில் ஒருவர் சாதாரணமாக ஏதோ சொல்ல எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தால், அந்த வசனத்துக்கு ஒரு ஆபாசக் கருத்தும் இருக்கிறது என்று ஊகிக்கலாம். சிரிக்க வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை. கருத்து விளங்காமல் அதைப் பாடமாக்கி வேறு இடத்தில் சொல்லவும் வேண்டாம்.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. ஸ்ரோர்ஸில் ஒரு பெட்டி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஐ ஆம் நொட் சேயிங் எனிதிங், பட் ஹீ வோஸ் த லாஸ்ற் வண் இன்" என்கிறார் ஒருவர். 'நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கடைசியாக உள்ளே போனது அவர்தான்.' கள்ளன் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் கேட்ட எல்லோர் மனதிலும் கள்ளன் யாரென்று பதிந்துவிட்டது. புதிதாக வந்தவர் விளங்காமல் தலையாட்டிச் சிரித்தால், அதையே ஒப்புதலாக எடுப்பார்கள். வேலையும் போகலாம், அடுத்த வேலைக்குக் கேட்கும் றெபறன்ஸும் கெடலாம்.

சொல்லாமல் சொன்னதும் குற்றமாகலாம் என்பது இங்கத்தைய சட்டத்துக்குப் புதிதல்ல. ரொலி என்ற கோல்ஃப் வீரர் பணம் வாங்காமல் விளையாடியவர். ஃப்றைஸ் சொக்லேற் கொம்பனி அவரைக் கேட்காமலே, அவருடைய சட்டைப்பையில் சொக்லேற் இருப்பதாக ஒரு கேலிச்சித்திர விளம்பரம் போட்டது. அதில் ஒரு கூடாத சொல்லும் இல்லை. ஆனாலும் அவர் காசு வாங்கிவிட்டார் என்று பார்த்தவர்கள் நினைக்க இடமுண்டு, அது மானபங்கமாகலாம் என்று 1931இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது.

நாங்கள் வழக்குக்குப் போகத் தேவையில்லை. ஒரு கேள்வி போதும்: "வட் டூ யூ மீன் பை தற்?" 'அதற்கு என்ன கருத்து?' கோபப்படாமல், மற்றவர்கள் கேட்கத்தக்கதாக இதைக் கேளுங்கள். சொன்னவர் ஒன்றில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அல்லது "ஜஸ்ற் ஜோக்கிங்" என்று பின்வாங்க வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால், எத்தனை மணிக்கு எங்கே யாரோடு நின்றோம் என்று மறுமொழி சொல்லலாம். சாடைக்கு மறுமொழி சொல்ல முடியாது.

நிறம், இனம், மதம், பெண் என்பதை வைத்துச் சாடை தொடர்ந்தால் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. சொன்னவரின் நோக்கத்தை மட்டுமல்ல, கேட்டவரை அது எப்படிப் பாதித்தது என்பதையும் அது பார்க்கும். திகதி, நேரம், சொன்ன சொல், பக்கத்தில் நின்றவர் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் தமிழிலாவது எழுதி வையுங்கள். யூனியனிடமோ, இலவசமாக ஆலோசனை சொல்லும் அக்காஸ் நிறுவனத்திடமோ கேளுங்கள். முறையிடக் காலக்கெடு உண்டு, தாமதிக்க வேண்டாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. "இற்ஸ் எ பிற் சில்லி இன் ஹியர்" என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால், குளிருகிறது, யன்னலைச் சாத்துங்கள் என்பதுதான் கருத்து. அது மரியாதை. எல்லாச் சொல்லிலும் முள்ளுத் தேடினால் எங்களுக்கு இங்கே ஒரு சிநேகிதரும் மிஞ்சமாட்டார்.

அடுத்த இதழில் சம்பளத் துண்டில் உள்ள சொற்களைப் பார்ப்போம்.