மேல்குளத்துக் கரையைக் கட்டு! கீழூரைக் காப்பாற்று!



ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம்ம பக்கம் இரண்டே பேச்சுதான். ஒன்று, மழை இல்லை, கண்மாய் காய்ந்து கிடக்கிறது. இல்லையென்றால், ஒரே ராத்திரி மழையில் கரை உடைஞ்சு போச்சு. உடைந்த பிறகு மணல் மூட்டையோடு ஓடி வருகிறார்கள். மழை விட்டதும் மறந்து விடுகிறார்கள்.

இலுப்பூர் வட்டாரம் வானம் பார்த்த பூமி. புதுக்கோட்டை மாவட்டத்தில் 5000-க்கும் மேற்பட்ட குளம், கண்மாய், ஏந்தல்கள் உண்டு. ஒன்று நிறைந்து கலிங்கில் வழிந்தால் அடுத்தது நிறையும். பெருமழையைப் படிப்படியாகத் தாங்கி, வேகத்தை அடக்கி அனுப்பும் ஏற்பாடு இது. நம் முன்னோர் கட்டிய வெள்ளத் தடுப்பு அணை இந்த மண்கரைகள்தான்.

மேலே ஒரு சின்னக் குளம் உடைந்தால் என்ன ஆகும்? அவ்வளவு தண்ணீரும் மொத்தமாக அடுத்த குளத்தில் பாயும். அதன் கலிங்கு தாங்காது. கரைக்கு மேலே தண்ணீர் ஏறி வழிந்தால், மண் அரித்து அந்தக் கரையும் போகும். கடைசியில் மூழ்குவது கீழே உள்ள நடவும், குடிசையும்தான்.

மழை மட்டுமா கரையை உடைக்கிறது? நண்டு வளையும், எலி வளையும், சீமைக்கருவேல வேர் அழுகிய துவாரமும் உடைக்கின்றன. வெளிச்சரிவில் கசிகிற தண்ணீர் கலங்கலாக வந்தால், உள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். இதைப் பார்க்க முன்பு ஊருக்கு ஊர் ஆள் இருந்தார். இன்று யார் இருக்கிறார்? கூடுதல் தண்ணீருக்கு ஆசைப்பட்டுக் கலிங்கில் மண் மூட்டை அடுக்குகிறவர்களுக்கும் சொல்கிறோம்: அது நம் கரைக்கு நாமே வைக்கும் உலை!

பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணித்துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்றுதான் பிரித்தார்கள். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் பொதுப்பணித்துறை ஏரிகளுக்காகவே வந்தது. 2017-ல் குடிமராமத்து என்று முழங்கினார்கள். ஆனால் வெள்ளத்தை முதலில் வாங்குவது மேட்டில் உள்ள சின்னக் குளம் அல்லவா? மனு கொடுக்கப் போனால், "இது எங்க குளம் இல்லை" என்கிறார்கள். தண்ணீருக்குத் துறை தெரியுமா?

மாயனூரிலிருந்து காவிரி - வைகை - குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் நம் மாவட்டத்தில்தான் அடிக்கல் நாட்டினார்கள். நல்லது, வரட்டும். வருகிற தண்ணீரை ஓட்டைக் கரையிலா தேக்குவது?

நாம் கேட்பது பிச்சை அல்ல, உரிமை!

1. ஆடிக்குள் கரை பார்வையிட்டு, ஐப்பசிக்குள் வேலையை முடி!
2. மேல்குளத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி வரிசையாகச் சீர்செய்!
3. கரை உயர்த்தும்போதே கலிங்கையும், மடையையும் பழுது பார்!
4. வரத்துவாரி ஆக்கிரமிப்பை, பெரிய ஆள் சின்ன ஆள் பாராமல் அகற்று!
5. எந்த வேலைக்கு எவ்வளவு பணம் என்று கரையிலேயே பலகை வை!

வெள்ளம் வந்தபின் நிவாரணம் கேட்டு வரிசையில் நிற்பதா? வருமுன் கரையைக் கேட்டுத் தெருவில் நிற்பதா? நாம் தெருவில் நிற்போம்! கட்சி, சாதி பாராமல் ஊர் ஊராகத் திரண்டு வாரீர்!

கரை காப்போம்! ஊர் காப்போம்!