குர்குமின் எடுக்க மெஷின் வாங்கலாமா?

''ஒன்றரை ஏக்கரில் மஞ்சள் போட்டிருக்கிறேன். குர்குமினைப் பிரித்து விற்றால் பல மடங்கு லாபம் என்கிறார்கள். நகையை அடகு வைத்து மெஷின் வாங்கலாமா?''
- வாசகர், மேச்சேரி

நகை வீட்டிலேயே இருக்கட்டும். குர்குமின் தண்ணீரில் கரையாது. ஆலைகளில் அசிட்டோன், எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான்களைக் கொண்டுதான் பிரிக்கிறார்கள். சட்டெனத் தீப்பிடிக்கும் சரக்கு; மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்துச் செய்கிற வேலையில்லை.

கணக்கையும் பாருங்கள். நம் பக்கத்து நாட்டு ரகங்களில் குர்குமின் 3 சதவிகிதத்தை ஒட்டித்தான் இருக்கும். 100 கிலோ காய்ந்த மஞ்சளில் முழுசாக எடுத்தாலே 3 கிலோதான். கோழிக்கோடு இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரதிபா ரகத்தில் 6 சதவிகிதம் வரை உண்டு. ஆலைக்காரர்கள் தேடுவது இப்படிப்பட்ட கிழங்கைத்தான். அடுத்த பட்டத்துக்குக் கொஞ்சம் விதைக்கிழங்கு வாங்கி நட்டுப் பாருங்கள்.

இப்போது கையில் இருப்பதைக் கெடுக்காதீர்கள். வெட்டிய இரண்டு, மூன்று நாளில் வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். ஈர்க்குச்சி சுலபமாக இறங்கினால் போதும். குழைந்தால் நிறம் போய்விடும். சோடா, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். குங்குமத்துக்கு அது சரி, குர்குமினுக்கு ஆகாது. அரைத்த தூளை வெயில் படாமல் வையுங்கள்.

விற்பதற்கு முன் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் மாதிரி கொடுத்து, சதவிகிதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதை வைத்து விலை பேசுங்கள்.