வீதியைக் காக்கும் கண்ணா, மக்களை வேவு பார்க்கும் கண்ணா?

கொழும்பு மாநகரில், வீதிக் கமராக்களின் துணைகொண்டு போக்குவரத்துக் குற்றங்களைப் பிடிக்கும் முறையைப் பொலிசார் 2024 ஜனவரி 22 இல் தொடங்கினர். சிவப்பு விளக்கை மீறுபவனைத் தண்டிக்க வேண்டாம் என நாம் கூறவில்லை. வீதி விபத்தில் மடிபவர் எம்மவருந்தான். ஆனால், இலக்கத் தகட்டைத் தானே வாசிக்கும் கமரா குற்றவாளியை மாத்திரம் பார்ப்பதில்லை. கடந்து செல்லும் ஒவ்வொரு வாகனத்தின் இலக்கத்தையும் இடத்தையும் நேரத்தையும் பதிய வல்லது. அக்கருவி திருக்கோணமலைத் துறைமுக வீதிகளுக்கு வருமுன், எம் மக்கள் விழித்தெழ வேண்டும்.

தம்பலகாமத்துக் கமக்காரன் நெல்லேற்றிச் சென்ற பாதை, மூதூர் ஆசிரியை வைத்தியசாலைக்கு வந்த நேரம், காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் ஏறி இறங்கிய சட்டத்தரணியின் வாயில் — இவை யாவும் ஓரிடத்தில் ஆண்டுக்கணக்காகத் திரளுமாயின், அது போக்குவரத்துப் பதிவேடாகுமா? ஒரு மக்களினத்தின் நடமாட்டப் பதிவேடன்றோ!

2006 ஜனவரி 2 இல் திருமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியமில்லையென 2019 இல் விடுவிக்கப்பட்டனர். சாட்சி சொல்லவே அஞ்சும் ஊரில், சாட்சியின் பயணத்தைப் பதியும் கருவி எவர் கையில் இருக்கும் என்று கேட்பது குற்றமா?

“குற்றமற்றவன் ஏன் அஞ்ச வேண்டும்?” என்பர். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில், 2010 இல், முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் பகுதிகளில் 200 க்கு மேற்பட்ட கமராக்கள் நிறுவப்பட்டன. குற்றத் தடுப்புக்கென்றே மக்களுக்குச் சொல்லப்பட்டது. பணம் வந்ததோ பயங்கரவாத எதிர்ப்பு நிதியிலிருந்து! உண்மை வெளியானதும் மக்கள் கிளர்ந்தனர், கமராக்கள் அகற்றப்பட்டன. குற்றமற்ற மக்களே அங்கு குறிவைக்கப்பட்டனர்.

எமது அரசியலமைப்பின் 14(1) ஆம் உறுப்புரை பேச்சு, ஒன்றுகூடல், நடமாட்டம் ஆகிய சுதந்திரங்களை வழங்குகின்றது. ஆயின், தனிமறைவுக்கெனத் தனியான அடிப்படை உரிமை அதில் இல்லை. இந்திய உயர் நீதிமன்றின் ஒன்பது நீதியரசர்கள் 2017 ஆகஸ்ட் 24 இல் அதனை அடிப்படை உரிமையெனத் தீர்த்தனர். இங்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆயினும், “தேசிய பாதுகாப்பு” என்னும் வாயில் அதிலும் உண்டு. 1979 இல் தற்காலிகமென வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமானதை மறந்தோமா?

ஆதலின் நாம் கோருவன இவை: கமரா நிறுவுமுன் இடமும் நோக்கமும் தமிழிலும் பகிரங்கப்படுத்தப்படல் வேண்டும். குற்றமிழையா வாகனங்களின் பதிவுகள் சில நாட்களுள் அழிக்கப்படல் வேண்டும். நீதவானின் கட்டளையின்றி எப்பதிவும் புலனாய்வாளர் கைக்குப் போதலாகாது.

1956 ஆகஸ்டில் உரிமை கேட்டுத் திருமலைக்கு யாத்திரை வந்தவர் தம் முகத்தை மறைத்து வரவில்லை. நாமும் மறைந்து வாழக் கேட்கவில்லை; வேவுக்கு ஆளாகாது வாழவே கேட்கின்றோம். கமக்காரரும் கற்றோரும் ஒரு குரலில் இதனைப் பிரதேச சபைகளிலும் பாராளுமன்றத்திலும் ஒலிக்கச் செய்வார்களாக!